அவை வெறும் 'புரா' அல்ல

கண்காட்சிக் கூடப் பொறுப்பதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தரம் 6 பிள்ளைகள் 34 பேரைக் கொட்டாஞ்சேனையிலிருந்து உங்கள் பறவைக் கூடத்துக்குக் கூட்டிவந்தேன். அங்கே தமிழ்ப் பலகைகள் இருக்கும் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல; இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவற்றைத் திருத்துங்கள் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

ஒரு கண்ணாடிப் பெட்டியை மட்டும் சொல்கிறேன். அதில் இரண்டு தீவுப் பகுதிகளின் காட்டுப் புறாக்கள். ஒன்று நம் இலங்கை மலைநாட்டுக்கே உரியது. சிங்களத்தில் மயில கொயா. மற்றது அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மட்டும் வாழ்வது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு வரி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்: 'புரா'. றகரம்கூட இல்லை.

ஒரு பிள்ளை கொப்பியில் '1. புரா, 2. புரா' என்று எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர், ரெண்டும் ஒன்னா?" பக்கத்தில் சிங்கள மொழிமூலப் பிள்ளைகள் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள்.

ஒன்றல்ல. நம்முடையதன் பின்கழுத்தில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளைத் திட்டு. அந்தமான் புறா சற்றுப் பெரியது; தலை வெளிர்சாம்பல், உடம்பு கருஞ்சாம்பல், சிவந்த அலகின் நுனியில் மஞ்சள். இரண்டுக்கும் காட்டுப் பழம்தான் சாப்பாடு. நம்முடையது நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் குளிர்காடுகளில் இருந்து, பழம் தேடிச் சிங்கராஜா மழைக்காடு வரை இறங்கும். காடு குறையக் குறைய அதுவும் குறைகிறது. ஆங்கிலப் பலகையை வாசித்து, நெரிசலுக்குள் நின்று, எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துக் கத்திச் சொன்னேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. என் வகுப்பில் சிலருடைய பாட்டிமார் அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பறவையின் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. பஸ்ஸிலும் படிவத்திலும் பிழைத் தமிழைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். பிள்ளைகள் படிக்க வரும் இடத்திலுமா பொறுத்துப்போக வேண்டும்? மனம் பொறுக்காமல் எழுதுகிறேன், மன்னியுங்கள்.

அந்த இரண்டு புறாக்களுக்கும் தனித்தனித் தமிழ்ப் பெயரும் முழு விளக்கமும் வையுங்கள். இலங்கைக் காட்டுப்புறா, அந்தமான் காட்டுப்புறா என்று எழுதினாலே பிள்ளைகளுக்கு விளங்கும். வரிகளை எழுதித் தரவும் பிழை பார்க்கவும் காசு வாங்காமல் நானே வருகிறேன். அடுத்த தவணை இன்னொரு வகுப்பைக் கூட்டிவருகிறேன். அதற்குள் தயவுசெய்து பலகையை மாற்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை ஆசிரியை ஒருவர்