குளோரைடு உண்மையிலேயே இரு மடங்கா?

ஆசிரியருக்கு,

வணக்கம். அயனிகளின் (எலக்ட்ரானை இழந்த அல்லது பெற்ற அணுக்களின்) அளவு பற்றிச் சென்ற இதழின் அறிவியல் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். எலக்ட்ரானை இழந்த அணு சுருங்கும், பெற்ற அணு பெரிதாகும் என்பதில் பிழையில்லை. அதற்குச் சொன்ன காரணமும் கூடவே அச்சிட்ட அட்டவணையும்தான் இடிக்கின்றன.

காற்று இறங்கிய பலூனைப் போல, உள்ளிருப்பது குறைந்ததால் அணு சிறுக்கிறது என்கிறார் கட்டுரையாளர். எலக்ட்ரான்கள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் சரக்கு அல்லவே! ஆக்சைடு, ஃபுளூரைடு, சோடியம், மெக்னீசியம், அலுமினியம் அயனிகள் ஐந்திலும் எலக்ட்ரான்கள் பத்துதான். ஆரங்களோ முறையே 140, 133, 102, 72, 53.5 பிகோமீட்டர் (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). எலக்ட்ரான் ஒன்றுகூடக் குறையாமலே இத்தனை சுருக்கம். அணுக்கருவில் புரோட்டான்கள் 8லிருந்து 13 ஆக ஏறுகின்றன. அதே பத்து எலக்ட்ரான்களும் மேலும் மேலும் உள்ளே இழுக்கப்படுகின்றன. பலூன் கணக்கில் இதற்கு விடை கிடையாது.

சோடியம் அணு அயனியாகும்போது நடப்பது இன்னும் எளிது. பதினோராவது எலக்ட்ரான் மட்டும் அணுக்கருவைச் சூழ்ந்த மூன்றாம் எலக்ட்ரான் கூட்டில் (அடுக்கில்) தனியாக இருக்கிறது. உள்ளேயுள்ள பத்தும் அணுக்கருவின் ஈர்ப்பைப் பெருமளவு மறைத்துவிடுவதால் அதன் பிடி தளர்ந்திருக்கிறது. அது போனால் அந்தக் கூடே காலி. (மிஞ்சிய எலக்ட்ரான்களுக்கு ஈர்ப்பு ‘கூடுதலாகப் பங்கு கிடைக்கிறது’ என்று எழுதுவோரும் உண்டு. அணுக்கரு தன் ஈர்ப்பைப் பங்கு பிரித்துக் கொடுப்பதில்லை. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதும் மறைப்பதும்தான் குறைகின்றன.)

இனி அட்டவணை. குளோரின் அணுவின் ஆரம் 99, அது ஓர் எலக்ட்ரானைப் பெற்று ஆகும் குளோரைடு அயனியின் ஆரம் 181, ஆகவே ‘ஏறத்தாழ இரு மடங்கு’ என்று போட்டிருக்கிறீர்கள். இந்த 99 எங்கிருந்து வந்தது? குளோரின் மூலக்கூறில் பிணைந்திருக்கும் இரு அணுக்கருக்களின் இடைவெளியில் பாதி அது. அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் இந்தச் சகப்பிணைப்பில் இரு எலக்ட்ரான் மேகங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கும். ஆரம் சிறிதாகத்தான் தெரியும். பிணைப்பு இல்லாமல் அருகருகே நிற்கும் குளோரின் அணுக்களை வைத்து அளந்தால் வாண்டர்வால்ஸ் ஆரம் 175 வருகிறது. 175க்கும் 181க்கும் எவ்வளவு வித்தியாசம்? உங்கள் இரு மடங்கில் பெரும்பகுதி அளவுகோலை மாற்றியதால் வந்த வீக்கம்.

அந்த 181ம் கல்லில் பொறித்த எண் அல்ல. உப்புப் படிகத்தில் சோடியம், குளோரைடு அணுக்கருக்களுக்கு இடையே 282 பிகோமீட்டர் என்று எக்ஸ் கதிர்கள் சொல்லிவிடும். அதில் எது யாருடைய பங்கு என்பது நாம் வகுத்துக்கொண்ட ஏற்பாடு. வேதியியலாளர் லினஸ் பாலிங் 1927இல் சோடியத்துக்கு 95 கொடுத்தார். ஷானன் என்ற ஆய்வாளர் 1976இல் வெளியிட்ட அயனி ஆரப் பட்டியலில் அது 102. அதே ஷானன் தந்த இன்னொரு வரிசையில் சோடியம் 116, குளோரைடு 167. ஷானனின் இரு வரிசைகளிலும் கூட்டுத்தொகை மட்டும் மாறவில்லை. 167 என்பது வாண்டர்வால்ஸ் 175ஐவிடக் குறைவு என்பதால், குளோரின் அயனியாகிச் சுருங்கியது என்று யாராவது கிளம்பினால் அதுவும் அபத்தமே. கூடுதல் எலக்ட்ரான் வந்ததும் விலக்கம் கூடி மேகம் விரிவது உண்மை. எவ்வளவு என்பதைத்தான் இப்படி ஒற்றை எண்ணில் அடக்க முடியாது.

சோடியத்தின் கதை வேறு. உலோக ஆரம் (உலோகத்தில் அடுத்தடுத்த அணுக்கருக்களின் இடைவெளியில் பாதி) 186. அயனிக்கு 102 வைத்தாலும் 116 வைத்தாலும் சுருக்கம் மறைந்துவிடாது. சோடியம், குளோரின் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போட்டதுதான் கட்டுரையின் கோளாறு.

அடுத்த இதழில் அந்த அட்டவணையை மறுபடி அச்சிடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது உலோக ஆரமா, சகப்பிணைப்பு ஆரமா, வாண்டர்வால்ஸ் ஆரமா, அயனி ஆரம் என்றால் யாருடைய பட்டியல் என்று குறிப்பிடுங்கள். ‘இரு மடங்கு’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வேதியியல் கற்பிக்கும் ஒரு வாசகர்