முதலில் ஆரம்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய விண்வெளி நிலையக் கதையை இரண்டு முறை படித்துவிட்டேன். கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம், கோப்பு மட்டும் வந்தது. போகட்டும். கதை நன்றாக வந்திருக்கிறது. அப்பா எட்டாம் பக்கத்தோடு கண்ணாடியைக் கழற்றிவிட்டார், ஆனால் பெரியத்தையிடம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

நிலையத்தின் ஆரம், அதாவது நடுவிலிருந்து தரைவரை, 50 மீட்டர், சுழற்சியால் உள்ளே பூமியின் ஈர்ப்பு, "மெல்லச் சுழன்றது" என்கிறாய். மெல்லச் சுழலாது. கோணவேகத்தின் (வினாடிக்கு எத்தனை ரேடியன் திரும்புகிறது என்பதன்) வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் பூமி ஈர்ப்பின் 9.8 வர வேண்டும். 50 மீட்டருக்கு அது நிமிடத்துக்கு 4.2 சுற்று. அந்த வேகத்தில் சட்டென்று தலையைத் திருப்பினாலே உள்காதுத் திரவம் குழம்பிக் குமட்டும். 2 சுற்றுக்குள் இருந்தால் பெரும்பாலோர் தாங்குவார்கள், அதற்கு 224 மீட்டர் வேண்டும். முதலில் ஆரத்தை முடிவு செய், பிறகு ஆட்களை உள்ளே விடு.

உன் கதாநாயகி காபி ஆற்றும் இடம் எனக்குப் பிடித்தது. ஆனால் உன் 50 மீட்டரில் அரை மீட்டர் உயரத்திலிருந்து ஊற்றினால், காபி சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாக 5 செ.மீ. விலகி விழும். தம்ளருக்கு வெளியே! கையை விட்டுப் போனதற்குத் தரையைவிட வேகம் குறைவு, அதனால் பின்தங்குகிறது. 224 மீட்டரில் விலகல் 2 செ.மீ.தான், கை பழகிவிடும். அதை ஒரு வரியில் எழுது, இடம் இன்னும் நன்றாகும்.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1973இல் ராமா நாவலில் என்ன செய்தார் பார். ராமா உருளை வடிவ விண்கலம், உள்விட்டம் 16 கிலோமீட்டர், 4 நிமிடத்துக்கு ஒரு சுற்று. போட்டுப் பார்த்தால் பூமி ஈர்ப்பில் பாதியைவிடச் சற்றுக் கூட வரும். அந்த எண்ணுக்கு ஏற்றபடிதான் அவருடைய ஆட்கள் படியிறங்குகிறார்கள்.

நான் குறை சொல்கிறேன் என்று முகத்தைத் தூக்காதே. லாரி நிவென் 1970இல் ஒரு நாவலில், வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றி ஆட்கள் வாழும் ஒரு வளையத்தை எழுதினார். முதல் பதிப்பில் பூமியையே தப்பான திசையில் சுழலவிட்டிருந்தார். வளையம் நிலையாக நிற்காது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் 1971 அறிவியல் புனைகதை மாநாட்டில் கோஷமே போட்டார்கள். சரிதானே, கொஞ்சம் நகர்ந்தால் கிட்டே வந்த பக்கத்தை நட்சத்திரம் இன்னும் பலமாக இழுக்கும். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை, அதன் தொடர்ச்சியாக எழுதிய நாவலில் வளையத்தின் விளிம்பில் உந்துபொறிகளை வைத்தார்.

பதினான்காம் பக்கத்தில் அவள் ரேடியோவை அணைக்கிறாள். ஏன்? தூரம் காரணமாக முடியாது, சனியிலிருந்தே பூமிக்குச் செய்தி வர ஏறக்குறைய 80 நிமிடம்தான் ஆகிறது. சுழலும் நிலையத்தில் ஆண்டெனாவை எதிர்ப்பக்கம் சுற்றிப் பூமியை நோக்கியே நிறுத்தும் மோட்டார் பழுதாகலாம், மின்சாரம் குறையலாம். எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன். ஒன்றுமே சொல்லாமல் கடைசிவரை ஓட்டினால், கீழே இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றாதா?

அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1970இல் கிளாரியன் என்ற எழுத்துப் பட்டறைக்குப் போனபோது இரண்டு கதை விற்றது. பிறகு ஐந்து வருஷம் ஒன்றும் விற்கவில்லை. பாத்திரம் கழுவினார், உருளைக்கிழங்கு வறுவல் தரம் பார்த்தார், விடிகாலை 2 மணிக்கு எழுந்து எழுதினார். முதல் நாவல் 1976இல் வந்தது. வேலையில் இருந்தபடியும் எழுதலாம் என்கிறேன், நீ விட்டுவிட்டாய் என்று யாரும் சொல்லவில்லை. 2 மணிக்கு எழுந்திருக்கவும் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

மேலவீட்டு விஷயம் முடிந்துவிட்டது, அதை நினைத்து வராமல் இருக்காதே. ஆரத்தை மாற்றினால் மூன்றாம் பக்கத்தில் அவள் நிலையத்தைச் சுற்றி ஓடும் தூரமும் மாறும், 314 மீட்டர் 1,407 ஆகும். அதையும் திருத்து. முதலில் ஆரம், மறக்காதே.

இந்த மாத வாடகையை உன் கணக்கில் போட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பாதே.

அம்மா