ஒட்டாத ஃபில்லிங்

மச்சி,

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, கோச்சுக்காத, பெரியவளுக்கு பரீட்சை, அவ படிச்சாளோ இல்லியோ நாங்க முழிச்சோம். முதுகுவலி பரவால்ல, ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல குனிஞ்சு வேலை பாக்க முடியல, வயசாகுதுடா.

சரி, உன் பேஷன்ட் ஒருத்தருக்கு மூணு மாசத்துல கழண்டு வந்த அந்த காம்போசிட் ஃபில்லிங், அதான் பல்லு கலர் ரெசின் அடைப்பு, அத பத்தி எழுதிருந்தியே, அத பல்லோட ஒட்டவைக்கற பாண்டிங் பாட்டில மாத்தலாமான்னு கேட்டிருந்த. பாட்டில விடு, அதுக்கு முன்னாடி டெம்பரரி அடைப்பா என்ன வச்சிருந்த? ஜிங்க் ஆக்சைடு யூஜினால்னா, அதான் பொடிய கிராம்பு எண்ணெய் சரக்கான யூஜினால்ல குழைக்கற சிமெண்ட், எனக்கு சந்தேகம் அங்கதான். ரெசின் இறுகணும்னா ஃப்ரீ ராடிக்கல்னு சொல்ற துடிப்பான துணுக்குங்க அதுல சங்கிலியா ஓடணும், யூஜினால் ஒரு ஃபீனால், அத புடிச்சு அமுக்கிடும், பல்லுக்கும் ரெசினுக்கும் நடுவுல ஒட்ட வேண்டிய இடமே அரைவேக்காடா நின்னுடும். அதுலயும் நீ போடறது செல்ஃப் எட்ச், தனியா ஆசிட் வச்சு கழுவாம பாண்டிங்கே பல்ல அரிச்சு ஒட்டற வகை. பல்ல குடையறப்போ படியற தூள் படலம், அந்த ஸ்மியர் லேயர்லதான் யூஜினால் ஊறி கிடக்கும், 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் வச்சு கழுவுனா அது பெரும்பாலும் போயிரும், செல்ஃப் எட்ச்ல கழுவறதே இல்லையே, அந்த அழுக்கையும் உள்ள சேத்துதான ஒட்டற! அசிஸ்டென்ட் பொடிய கம்மியா போட்டு தளதளன்னு கலக்கிருந்தா இன்னும் மோசம், சேராம மிச்சம் நிக்கற யூஜினால் ஜாஸ்தி. வெளிய வர்றதும் முதல் ஒரு நாள்லதான் அதிகம், மறுநாளே வரச்சொல்லி ஃபில்லிங் பண்ணாத, ஒரு வாரமாவது போகட்டும்.

இவ்ளோ பேசற நானும் மாட்டிருக்கேன். யூஜினால் இல்லாத சிமெண்ட் வாங்கிட்டோம் இனி கவலை இல்லன்னு நெனச்சேன், ஒரு கடவாப்பல்லு ஃபில்லிங் முழுசா கையோட வந்துச்சு, லூப் போட்டு பாத்தா அடியில வெள்ளையா ஒரு படலம், பழைய சிமெண்ட்! சுரண்டுனேன் சுத்தமாயிருச்சுன்னு நானா முடிவு பண்ணிருக்கேன். எந்த சிமெண்டா இருந்தாலும் மிச்சம் இருந்தா ஒட்டாது, அவ்ளோதான். இப்பல்லாம் சுரண்டிட்டு ப்யூமிஸ் கல்லு பொடிய தண்ணில குழைச்சு பிரஷ்ல தேய்ச்சு, அப்புறம்தான் ஆசிட். க்ளீனிங் பேஸ்ட் வேணாம், அதுல இருக்கற கிளிசரின் வேற படியும். இன்லே கேஸ்னா, அதான் வெளிய செஞ்சு எடுத்து வந்து ஒட்டற ஃபில்லிங்னா, குடைஞ்ச அன்னிக்கே பாண்டிங் போட்டு எனாமலுக்கு உள்ள இருக்கற டென்டின மூடிடறேன், டெம்பரரி அதுக்கு மேலதான்.

அந்த ஆள் மறுபடி வரப்போ டெம்பரரிய எடுத்ததும் மோந்து பாரு, கிராம்பு வாசம் அடிச்சா உன் செல்ஃப் எட்ச்ச ஓரமா வச்சிரு. என்ன ஆச்சுன்னு எழுது.

உன் பழைய ரூம்மேட்