காந்தம் ஒட்டவில்லை என்பது சாட்சி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாதாரண காரை விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் போல மாற்றி ஓட்டுகிறவர்களைப் பற்றிப் போன வாரம் உங்கள் நெல்லைப் பதிப்பில் வந்த செய்தியைப் படித்தேன். 'போலி கார் தயாரிக்கும் பட்டறைகள்' என்று தலைப்பு. நான் தச்சநல்லூர் பக்கம் 34 வருடமாக டிங்கர் பட்டறை வைத்திருக்கிறேன். அந்தத் தலைப்பில் பாதி எனக்குப் பொருந்தும், பாதி பொருந்தாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2012-ல் வள்ளியூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் மிட்சுபிஷி லான்சர் செடியா ஒன்றைக் கொண்டுவந்தான். வளைகுடாவில் சம்பாதித்த காசில் செகண்ட் ஹாண்டில் வாங்கிய வண்டி. "அண்ணாச்சி, இதை இவோ ஆக்கணும்" என்றான். இவோ என்றால் லான்சர் எவல்யூஷன், ராலி பந்தயத்துக்காகவே பிறந்த வண்டி. கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருந்தாலும் வேலை நடக்கக்கூடியதுதான். இவோவில் 7, 8, 9 ஆகிய மூன்று மாடல்களுக்கும் எலும்புக்கூடு செடியாவுடையதுதான். கூரையும் கண்ணாடியும் ஒரே வாகு. மாறுவது சதைதான். முன் பம்பரில் பெரிய வாய், பானெட்டில் காற்றுத் துளை, புடைத்த ஃபெண்டர், டிக்கி மேல் இறக்கை. பின்சக்கரத்துக்கு மேல் உள்ள புடைப்பு பின்கதவின் ஓரம் வரை வரும். அந்த ஓரத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுவார்கள்.

பையன் போனில் படம் படமாகக் காட்டினான். எனக்குப் படம் பார்த்து அளவு பிடிக்க வராது, கையால் தடவிப் பார்க்க வேண்டும். காருகுறிச்சியில் பானை செய்கிறவர் ஒருவரிடம் பிசைந்த களிமண் இரண்டு மூட்டை வாங்கிவந்தேன். செடியாவின் பின்பக்கத் தகட்டின் மேலேயே அப்பி, சைக்கிள் டயரை வளைத்துப் பிடித்து வளைவு பார்த்தேன். இடப்பக்கம் நான்கு நாளில் முடிந்தது. அதே போல வலப்பக்கம் கொண்டுவர ஒன்பது நாள். அட்டையில் வெட்டித் திருப்பி வைத்தால் அரை விரல்கடை தப்பும். காய்ந்தால் மண் சுருங்கும், வெடிக்கும். ஈரச்சாக்கு போட்டே வைத்திருந்தோம்.

அதன் மேல் மெழுகு தடவி அச்சு எடுத்து, அச்சுக்குள் பைபர் மேட், அதாவது கண்ணாடி இழைப் பாய், மூன்று அடுக்கு. சித்திரை வெயிலில் இழையில் பூசுகிற ரெசின் பசை 1 கிலோவுக்கு, அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் 10 மில்லிக்கு மேல் ஊற்றினால் பிரஷ் தொடுவதற்குள் டப்பாவிலேயே கெட்டியாகிப் புகை கிளம்பிவிடும். அப்புறம் பட்டி, உப்புத்தாள், பிரைமர், மறுபடி உப்புத்தாள். பெயிண்ட் அடிக்கும்போது ஆனி பிறந்துவிட்டது. நம்ம ஊர் ஆனிக்காற்று தெரியும்தானே? செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து ஊர்த் தூசியை எல்லாம் பட்டறைக்குள் கொட்டும். விடியக்காலை நாலரைக்கு எழுந்து, தரையில் தண்ணீர் தெளித்து, காற்று எழுவதற்குள் அடித்து முடித்தோம்.

அந்தப் பையன் வாய் ஓயாமல் பேசுவான். அமெரிக்காவில் 1980-களில் போன்டியாக் ஃபியரோ என்று ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வந்ததாம். இரும்புச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் பலகை மாட்டிய உடம்பு. அதனால் பலகையைக் கழற்றிவிட்டு ஃபெராரி 308 மாதிரி பைபர் உடம்பு மாட்டி விற்றிருக்கிறார்கள். ஃபெராரி வழக்குப் போட்டு நிறுத்தியது. எனக்குப் பிடித்தது இன்னொரு கதை. போர்ஷே 911-ல் டர்போ என்கிற உயர்ந்த ரகத்துக்கு அகன்ற பின்பக்கமும் திமிங்கில வால் மாதிரி இறக்கையும் உண்டு. அந்த எஞ்சின் இல்லாமலே, சாதாரண கரேரா வண்டியில் டர்போவின் உடம்பைப் பொருத்தி 1980-களில் கம்பெனியே விற்றதாம். அப்படியானால் கம்பெனியும் போலிதானா என்று உங்கள் நிருபரைக் கேட்கலாம் என்று எனக்கு ஒரு ஆசை.

ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. போர்ஷேக்காரன் அகலத்தை மட்டும் கொடுக்கவில்லை, டர்போவின் பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் சேர்த்துத்தான் கொடுத்தான். நான் கொடுத்தது வெறும் அகலம். இவோவில் டர்போ எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் இழுவை. செடியாவுக்கு முன்சக்கர இழுவை மட்டும்தான், குதிரைச் சக்தியும் அதில் பாதிக்குக் கீழே. புடைத்த ஃபெண்டரை நிரப்புவதற்காகச் சக்கரத்துக்கும் அது மாட்டுகிற ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் வைத்து, சக்கரத்தை வெளியே தள்ளினோம். ஆறே மாதத்தில் பின்பக்கப் பேரிங் ஊளையிட ஆரம்பித்தது. அதைவிடப் பெரிய தப்பு முன் பம்பர். அச்சு வார்க்கும்போது பையன் அழகுக்காகக் கீழ்வாயைப் பாதி மூடச் சொன்னான், நானும் மூடினேன். கயத்தாறு தாண்டி நாலுவழிச் சாலையில் ஏசி போட்டுப் போனவன் வண்டி கொதித்து ஓரங்கட்டி எனக்குப் போன் பண்ணினான். மறுநாள் நானே வாயைத் திறந்துவிட்டேன்.

எழுத்து ஒட்டுவதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. டிக்கியில் 'எவல்யூஷன்' என்று ஒட்ட மாட்டேன் என்றேன். "வேஷம் கட்டலாம், பேரை மாத்தப்படாது தம்பி" என்றேன். அவனும் சரி என்று விட்டுவிட்டான்.

அவன் வண்டியை மூன்று வருடம் வைத்திருந்துவிட்டு, செடியா என்று சொல்லியே ஒரு தரகரிடம் விற்றான். 2016-ல் வெளியூர்க்காரர் ஒருவர் அதே வண்டியோடு என் பட்டறை வாசலில் நின்றார். டிக்கியில் பளபளவென்று எழுத்து ஒட்டியிருந்தது. அசல் இவோவை வெளிநாட்டிலிருந்து இறக்கி, செடியா ஆர்.சி.யில் ஓட்டுகிறோம் என்று சொல்லி அவரிடம் தள்ளியிருக்கிறார்கள். அது உண்மையாகவே இருந்தாலும் சட்டவிரோதம்தான், அதைத் தெரிந்தே வாங்கியவர் அவர். அதனால் முழுசாக இரக்கப்பட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவர் சொன்ன ஒன்று இன்னும் உறுத்துகிறது. "அண்ணாச்சி, நான் சும்மா வாங்கலை. காந்தம் வச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கினேன். அசல் இவோவில் பானெட்டும் முன் ஃபெண்டரும் அலுமினியம், காந்தம் ஒட்டாதுன்னு தரகர் சொன்னார். ஒட்டலை."

தரகர் சொன்னது உண்மை. அசலில் அவை அலுமினியம்தான், காந்தம் ஒட்டாது. பைபரிலும் ஒட்டாது! நான் அந்தக் காந்தத்தை வாங்கிப் பின்சக்கரத்துக்கு மேலே வைத்தேன். அசலில் அந்த இடம் இரும்பு, கப்பென்று பிடிக்க வேண்டும். காந்தம் நழுவித் தரையில் விழுந்தது. விரல் முட்டியால் தட்டிக் காட்டினேன், தகரச் சத்தம் இல்லை, சுரைக்குடுக்கையைத் தட்டின மாதிரி 'தொம்' என்றது. அப்புறம் அவரைக் கீழே குனிந்து பார்க்கச் சொன்னேன். நாலு சக்கர இழுவை என்றால் இருக்க வேண்டிய, பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டும் இல்லை, அந்த இழுவையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியலும் இல்லை. மனிதர் கொஞ்ச நேரம் படுத்தபடியே கிடந்தார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், விதியை மீறி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதற்குப் பிறகு நான் ஃபெண்டர் அகலப்படுத்துவதை நிறுத்திவிட்டேன். இப்போது விபத்து வண்டிகள்தான், நசுங்கினதை நிமிர்த்துகிற வேலை.

நான் கேட்பது ஒன்றுதான். நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்றச் சொல்கிறார்கள், ஏற்றுகிறோம். அதே போல உடம்பில் பைபர் வேலை நடந்திருந்தால், ஆய்வாளர் பிரேக்கையும் டயர் உரசலையும் பார்த்துவிட்டு ஆர்.சி.யில் ஒரு வரி எழுதட்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் காந்தத்தை வைத்து யாரும் கதை சொல்லியிருக்க முடியாது. களிமண் பிசைந்தவனையும் எழுத்து ஒட்டி விற்றவனையும் ஒரே தலைப்பில் நீங்களும் போட்டிருக்க மாட்டீர்கள்.

அந்த இடப்பக்க அச்சு இன்னும் என் பட்டறைப் பரணில்தான் கிடக்கிறது. உங்கள் நிருபர் வந்தால் இறக்கிக் காட்டுகிறேன். ஆடி கழியட்டும், இப்போது வந்தால் கண்ணைத் திறக்க முடியாது, அவ்வளவு தூசி.

இப்படிக்கு,
டிங்கர் பட்டறைக்காரன்,
தச்சநல்லூர், திருநெல்வேலி.
(பெயர் போட வேண்டாம்.)