கட்டண மனுவோடு சைபர் தணிக்கைத் தேதியையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்கட்டமைப்பின் மீது சைபர் தாக்குதல் என்று எப்போதாவது செய்தி வந்தால் அது டில்லி, எல்லை, சீனா என்பதோடு முடிந்துவிடுகிறது. கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று யாரும் எழுதக் காணோம். அதனால் நானே எழுதுகிறேன்.

சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போனால் நாடா பாவுக்கு நடுவில் நின்றுவிடும், இழை அறும், எடுத்துக் கட்டி மறுபடி ஓட்டினாலும் துணியில் அந்த இடம் தனியாகத் தெரியும், அதைக் காட்டிக் கூலியில் பிடிப்பார்கள். திருப்பூரில் சாயம் ஏறிக்கொண்டிருக்கும்போது மெஷின் நின்றால் ஷேடு மாறி அந்த பேட்ச் முழுக்கப் போச்சு. 2012 மின்வெட்டில் இதையெல்லாம் பட்டாயிற்று. அன்றைக்கு மின்சாரம் போதவில்லை. இனிமேல் மின்சாரம் இருக்கும்போதே எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்துகொண்டு, லைனைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறந்துவிட முடியும் என்பதுதான் புதுப் பயம்.

உக்ரைனில் இது நடந்தே விட்டது. 2015 டிசம்பர் 23 அன்று மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைகளுக்குள் புகுந்து, ஆபரேட்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸ் தானாக நகர்ந்து ஒவ்வொரு துணைமின் நிலையமாக அணைத்துக்கொண்டே போனது. சுமார் 2,25,000 இணைப்புகள் இருட்டில். புகார் சொல்லக் கூப்பிட்டவர்களுக்கு லைன் கிடைக்காதபடி பொய் அழைப்புகளால் கால் சென்டரையும் அடைத்துவிட்டார்கள். உள்ளே நுழைந்த வழி ரொம்பச் சாதாரணம்: ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் வந்த ஒரு ஃபைல், அதைத் திறந்தது, பல மாதம் சத்தமில்லாமல் பாஸ்வேர்டுகளைத் திருடியது. சில மணி நேரத்தில் கரண்ட் திரும்பியதற்குக் காரணம், ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு துணைமின் நிலையங்களுக்கே போய் கையால் ஸ்விட்ச் போட்டார்கள். அந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். நம் ஊரில் லைன்மேன், வயர்மேன் காலியிடங்களை நிரப்பச் சொல்லி எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்? என்னைக் கேட்டால் அதுவும் சைபர் பாதுகாப்புக் கோரிக்கைதான்.

இன்னொன்று, காற்றாலை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த நாளில் வயாசாட் என்ற செயற்கைக்கோள் இணைய சேவையைத் தாக்கினார்கள். குறி உக்ரைன். ஆனால் அதே மோடம்களை நம்பியிருந்த ஜெர்மனியின் எனர்கான் நிறுவனம் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து பார்க்கவும் இயக்கவும் முடியாமல் போனது. காற்றாலைகள் தானியங்கி முறையில் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் கையில் கடிவாளம் இல்லை. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி நிற்கும் நம் காற்றாலைகளையும் எங்கோ ஒரு ஊரில் இருக்கும் கம்ப்யூட்டரில் இருந்துதான் பார்க்கிறார்கள்.

பெரிய காற்றாலை வரைக்கும் போக வேண்டாம். எங்கள் தறி ஷெட் மேல் சோலார் போட்டார்கள். இன்வெர்ட்டரை வைஃபையில் சேர்த்துக் கொடுத்த பையன் போட்ட பாஸ்வேர்டு ஒன்று முதல் எட்டு வரைக்கும் வரிசையாக. மாற்றலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாங்ணா, எல்லா சைட்டுக்கும் இதேதான் வெச்சிருக்கோம், மாத்துனா அப்புறம் எங்களால பாக்க முடியாதுங்க" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் அன்றைக்கே மாற்றிவிட்டேன். மாற்றாத கூரைகள் எத்தனை என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, விதி இல்லையா என்றால், இருக்கிறது. மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் மின்துறைக்கென்றே சைபர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்புக்குத் தலைமை அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும், மின் இயக்கக் கணினிகளை இணையம் தொடும் கணினிகளிலிருந்து அடியோடு பிரித்து வைக்க வேண்டும், இணையம் உள்ள கணினி தேவைப்பட்டால் அதைத் தனி அறையில் வைக்க வேண்டும், தணிக்கை நடக்க வேண்டும், இயக்குகிற ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். படித்தால் நல்ல விதிகள்தான், குறை சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரலில், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னும், தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தனக்குச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆனால் இதெல்லாம் நம் மாவட்டத்தில் நடக்கிறதா என்று ஒரு நுகர்வோர் எங்கே போய்ப் பார்ப்பது?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2019 கூடங்குளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், இருப்பது செப்டம்பர் 4 அன்றே அணுமின் கழகத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. அக்டோபர் கடைசியில் விஷயம் வெளியே கசிந்ததும் முதலில் அப்படி எதுவுமே இல்லை என்றார்கள், மறுநாளே ஆமாம் என்றார்கள். அணு உலையை இயக்கும் அமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பு இல்லை என்றும் சொன்னார்கள். பிரித்து வைத்தது காப்பாற்றியது, நல்லது. அந்த ஒரு நாள் மறுப்புதான் இன்றுவரை உறுத்துகிறது.

வெளியே சொன்னால் திருடனுக்கு வழி காட்டின மாதிரி ஆகிவிடும் என்பார்கள். எந்த ஓட்டை, எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் மின்கட்டமைப்பு நிறுவனங்களுக்கு சைபர் விதிகள் கட்டாயம், மீறினால் அபராதம். 2019இல் ஒரே நிறுவனத்துக்கு 127 விதிமீறல்களுக்காக 1 கோடி டாலர் போட்டார்கள். அந்த அறிவிப்பில் நிறுவனத்தின் பெயரை மறைத்தார்கள், ஆனால் மீறல் எத்தனை, அபராதம் எவ்வளவு என்பது ஊருக்கே தெரிந்தது. அந்த அளவு போதும்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகலூருக்கு 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் கொண்டுவரும் லைன் நம் மண்ணில்தான் வந்து இறங்குகிறது. உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடி, கடைசியில் காட்டுக்குள் கோபுரத்தை ஏற்றுக்கொண்ட விவசாயிகள் இங்கே இருக்கிறார்கள். அந்த லைனுக்கு என்ன காவல் என்று கேட்க அவர்களுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு?

நான் கேட்பது இவ்வளவுதான். 2022இல் மின்கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. அடுத்த முறை மின்வாரியத்தின் கட்டண மனு வரும்போது அதோடு ஒரு பக்கம் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்: தகவல் பாதுகாப்பு அதிகாரி யார், கடைசித் தணிக்கை என்றைக்கு நடந்தது, கண்டுபிடித்த குறைகளில் எத்தனை சரிசெய்யப்பட்டன, துணைமின் நிலைய ஊழியர்களில், ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து, எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதே பக்கத்தில் தனியார் காற்றாலை, சோலார் இணைப்புகளுக்கு என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்பதும் வரட்டும். அந்தப் பக்கம் இல்லாத மனுவை ஆணையம் திருப்பி அனுப்பட்டும். இந்தப் பகுதி விசைத்தறி, விவசாயச் சங்கங்கள் கூட்டத்தில் இதை எழுத்திலேயே கொடுக்க வேண்டும் என்றும் உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விசைத்தறி உரிமையாளர்,
சோமனூர்.