புதன்கிழமை சைவக் கடையில் எனக்கென்ன வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன புதன்கிழமை மத்தியானம் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு சைவ உணவகத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் புளோக்கில் குடியிருக்கும் தம்பி ஒருவர் பொட்டலம் வாங்க உள்ளே வந்தவர், என்னைப் பார்த்ததும் முகம் மாறி, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "என்னண்ணே, வீட்டில ஏதும்..." என்று இழுத்தார். யாரோ தவறிவிட்டார்கள், பதினாறு முடிகிறவரைக்கும் கறி கிடையாது என்று நினைத்துவிட்டார் பாவம். அதெல்லாம் இல்லை என்றேன். "அப்ப விரதமா?" இல்லை. "டாக்டர் எதுவும் சொல்லிட்டாரா?" இல்லை தம்பி, இங்கே வத்தக்குழம்பு நன்றாக இருக்கும், அதற்காக வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. சாயந்திரம் மின்தூக்கியில் என் மனைவியைப் பார்த்து, "அண்ணனுக்கு சுகர் எவ்வளவு இருக்கு அண்ணி?" என்று விசாரித்திருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி, யாராவது ஊரிலிருந்து வந்தால் ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன் தலைக்கறி. சைவம் என்பது புரட்டாசிக்கும் தைப்பூசத்துக்கும் உரிய சமாச்சாரம், பல்லைக் கடித்துக்கொண்டு நாளை எண்ணிக் கழிப்பது. புரட்டாசி முடிந்த மறுநாள் காலையில் கறிக்கடை முன்னால் முதல் ஆளாக நின்றவன் நான்.

இரண்டு வருடம் முன்பு வேலையிடத்தில் ஒருவருக்குப் பிரிவு உபசார விருந்து. எங்கள் பிரிவில் ஒரு சீன அம்மா, சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம், அன்றைக்கு அது பதினைந்து. மலாய் நண்பருக்கு ஹலால் சான்றிதழ் வேண்டும். எனக்கு மாட்டிறைச்சி ஆகாது. வாட்ஸ்அப்பில் அரை மணி நேரம் அடித்துக்கொண்டு, கடைசியில் ஹலால் சான்றிதழ் உள்ள ஒரு இந்திய சைவ உணவகம் என்று முடிவாயிற்று. பேருக்கு எதையாவது கொறித்துவிட்டு, அப்புறம் பக்கத்துக் கோப்பிக்கடையில் கோழிச்சோறு வாங்கிக்கொள்ளலாம் என்ற திட்டத்தோடுதான் போனேன். வெங்காய ரவா தோசை வந்தது. வீட்டில் பார்க்கிற தோசை மாதிரி இல்லை, மாவை மோர் பதத்துக்குக் கரைத்து மேலே இருந்து வீசி ஊற்றுவார்களாம், அதனால் வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, நடுவில் மட்டும் கொஞ்சம் மெத்தென்று, பல்லில் அங்கங்கே மிளகும் முந்திரியும். இன்னொன்று சொன்னேன். கோழிச்சோறு ஞாபகமே வரவில்லை.

அதிலிருந்து வாரத்துக்கு ஒரு நாளாவது போகிறேன். போகப் போகத்தான் ஒன்று புரிந்தது. இலையில் கறி இருந்தால் நாக்கு அதையே சுற்றிக்கொண்டிருக்கும், பொரியல், கூட்டு எல்லாம் கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தம் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருக்கும். கறி இல்லாத இலையில் ஒவ்வொன்றும் வாய் திறந்து பேசுகிறது. வத்தக்குழம்பில் சுண்டைக்காயைக் கடித்தால் முதலில் கசப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் நல்லெண்ணெய் வாசம், அதற்கு மேல் சுட்ட அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டால் பேச்சே வராது. ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு அந்தக் கையோடு இன்னொரு டம்ளர் கேட்டுக் குடிக்கவும் கற்றுக்கொண்டேன். கசப்பில் ருசி இருக்கிறது என்று ஐம்பத்தாறு வயதில்தான் தெரிகிறது என்றால் யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

வெட்கமாகவும் இருக்கிறது. சைவ உணவகங்களில் கோமள விலாஸ் 1947லிருந்து இருக்கிறது, ஆனந்த பவன் 1924லிருந்து. நான் பிறந்ததிலிருந்து சிராங்கூன் சாலையில்தான் நடக்கிறேன், தீபாவளிக்கு இனிப்பு வாங்குவதோடு சரி, அந்த விருந்துக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. பெங்களூரின் எம்டிஆர் உணவகமும் அதே 1924ல் தொடங்கியதுதான், இப்போது சிராங்கூன் சாலையிலேயே கிளை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காதபோது ரவையை வைத்து இட்லி செய்து பார்த்தோம் என்று அவர்கள் சொல்லும் கதையை, அந்த ரவா இட்லியைத் தின்றுகொண்டே என் மகளுக்குச் சொன்னேன். அவள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், அதுவே பெரிய விஷயம்.

நம் கடைகளோடு நிறுத்திவிடவும் வேண்டாம். மிடில் சாலையில் பார்ச்சூன் சென்டர் என்று ஒரு பழைய கட்டடம், உள்ளே போனால் சீன சைவக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கொஞ்ச தூரத்தில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோயிலும் நம் கிருஷ்ணன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டு சீனர்கள் சாப்பிட வருவார்கள், சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்திலும் இடம் கிடைப்பது கஷ்டம். எங்கள் பிரிவுச் சீன அம்மாதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் சைவத்தில் வெங்காயம், பூண்டுகூட ஆகாது. இஞ்சி, காளான், பொரித்த தவ்வுத்தோல் (சோயாப்பாலில் படிகிற ஏடு) இவற்றை வைத்தே அந்த பீஹூன் என்கிற அரிசிச் சேமியாவுக்கு எப்படி அப்படி ஒரு மணம் வருகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் கோதுமைப் பசையிலும் சோயாவிலும் செய்கிற பொய்க்கறி மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. நிஜ ஆட்டுக்கறி தின்கிறவனுக்கு அது எதற்கு? அந்தத் தட்டிலேயே காளான் எவ்வளவோ மேல்.

எல்லாக் கடையும் சொர்க்கம் என்று சொல்லவில்லை. பெயர் வேண்டாம், ஒரு இடத்தில் காலையில் சுட்ட வடையை மத்தியானம் மறுபடி எண்ணெயில் போட்டுக் கொண்டுவந்தார்கள், சாம்பார் பாயசம் மாதிரி இனித்தது. இன்னும் சில இடங்களில் காலிஃபிளவரைச் சிவப்பு மாவில் முக்கிப் பொரிப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது போலிருக்கிறது.

ஆனால் "வெறும் காய்கறிக்கு இத்தனை வெள்ளியா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் கேட்டவன்தான். வாழைப்பூ வடை பிடித்துப்போய், வீட்டிலேயே செய்கிறேன் பேர்வழி என்று தேக்காவில் ஒரு பூ வாங்கி வந்தேன். மடலை உரித்து, ஒவ்வொரு பூவாகப் பிரித்து, நடுவில் இருக்கிற கள்ளனைக் கிள்ளி எறிந்து, கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் போட வேண்டும். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். கிடைத்தது இரண்டு கைப்பிடி. விரலெல்லாம் கறை, மறுநாள் அலுவலகத்தில் கார் பழுது பார்த்தீர்களா என்று கேட்டார்கள். என் மனைவி பக்கத்தில் நின்று ஒரு உதவியும் செய்யாமல், "ஒரு கிலோ கோழி வாங்கியிருந்தால் இந்நேரம் சாப்பிட்டே முடித்திருக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து பில்லைப் பார்த்து முனகுவதில்லை.

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. நம் பத்திரிகைகளிலும் வானொலியிலும் சைவ உணவு பற்றி வருவதெல்லாம் புரட்டாசியில்தான், இல்லாவிட்டால் கொழுப்பு, ரத்தக் கொதிப்பு என்று மருத்துவப் பக்கத்தில். ஒன்று பக்தி, இல்லை வியாதி. ருசிக்காக ஒருவன் கத்தரிக்காய் தின்னக்கூடாதா? சாதாரண மாதத்தில், சாதாரணக் கிழமையில், எந்தக் கடையில் எந்தக் கூட்டு நன்றாக இருக்கிறது என்று உணவுப் பக்கத்தில் எழுதுங்கள். கறி சாப்பிடுகிற எங்களையும் நினைத்து எழுதுங்கள். தயவுசெய்து யாரும் என்னைப் பாராட்டிக் கடிதம் போட வேண்டாம், நான் ஒன்றையும் விட்டுவிடவில்லை, இந்த ஞாயிறும் வீட்டில் ஆட்டுக்கறிதான்.

இன்னொரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தையும் புரட்டாசி வரட்டும் என்று எடுத்து வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு கறிப்பிரியர்