கண்ணாடிப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் முதுகலை முடித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது, என் வாழ்த்தைச் சொல்.

ஆய்வு மாணவர்களுக்கு இம்ப்ரோவ், அதாவது எழுதிவைத்த வசனம் இல்லாமல் அந்தந்தக் கணத்தில் விளையாட்டாக நடிக்கும் நாடகப் பயிற்சி வைக்க அனுமதி வாங்கிவிட்டாயே, ரொம்ப நல்ல காரியம். ஆனால் அறிவிப்பில் ‘மேடைக்கூச்சம் போக்கும் வகுப்பு’ என்று போட்டிருப்பதை முதலில் மாற்று. கூச்சம் குறைவது கூடவே நடக்கும், அவ்வளவுதான். இதில் பழக வேண்டியது, தன் ஆய்வைச் சொல்லும்போது எதிரில் இருப்பவருக்குப் புரிகிறதா என்று கணத்துக்குக் கணம் கவனிப்பது.

இந்த விளையாட்டுகள் பெரும்பாலும் சிகாகோவின் வயோலா ஸ்போலின் உருவாக்கியவை. 1963இல் அவற்றைப் புத்தகமாகவும் போட்டார். விஞ்ஞானிகளிடம் கொண்டுபோனவர் நடிகர் ஆலன் ஆல்டா. 1993 முதல் 2005 வரை அறிவியல் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தியவர். அவரோடு இயல்பாகப் பேசிக்கொண்டிருக்கும் விஞ்ஞானி, கேமரா பக்கம் திரும்பினதும் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவதைக் கண்ணால் பார்த்தவர். 2009இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு மையமே தொடங்க அவர்தான் தூண்டுகோல்.

ஒரு குழுவில் பன்னிரண்டு முதல் பதினாறு பேர் போதும், மூன்று மணி நேரம் ஒதுக்கு. நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டு வட்டமாக நிற்க வை. இல்லாத பந்தை வீசிப் பிடிப்பதில் ஆரம்பி. கனமான பந்தை வீசினால் வாங்குபவர் கையிலும் கனம் தெரிய வேண்டும். பத்து நிமிடத்தில் உடம்பு இளகிவிடும்.

அடுத்தது கண்ணாடி. இதில் அவசரமே கூடாது. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிற்பார்கள்; ஒருவர் அசைய, மற்றவர் அவருடைய பிம்பம். இரண்டு நிமிடம் கழித்து மாற்றிக்கொள்ளட்டும், பிறகு யாரும் முன்னின்று நடத்தாமல் இருவரும் சேர்ந்து அசையட்டும். பெரும்பாலும் முதல் சுற்றில் முன்னால் அசைபவர் கையைச் சட்டென்று வீசி மற்றவரைத் தடுமாற வைப்பார், எல்லோரும் சிரிப்பார்கள். அங்கேயே நிறுத்து. பிம்பம் பின்தங்கினால் பொறுப்பு முன்னால் அசைபவருடையது, மெதுவாக்க வேண்டியவர் அவர்தான் என்று சொல்லிவிட்டு மறுபடி செய்ய வை. அடுத்து இதையே பேச்சில் செய்யட்டும்: ஒருவர் பேசும் சொற்களை எதிரில் இருப்பவர் அதே நேரத்தில் சொல்ல வேண்டும். பேசுபவர் வேகத்தைக் குறைத்து, எதிராளியின் கண்ணையும் உதட்டையும் பார்த்தால்தான் இது நடக்கும். கருத்தரங்கில் எழுபது ஸ்லைடை ஓட்டுகிறவருக்கு அந்த இடத்தில் ஒன்று உறைக்கும்.

பிறகு மேசையில் தட்டுவது. தெரிந்த பாட்டு ஒன்றின் தாளத்தை மட்டும் விரலால் தட்ட வேண்டும், மற்றவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். 1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் செய்த ஆய்வில் 120 பாட்டில் மூன்றுதான் பிடிபட்டன. தட்டியவர்களோ பாதி பிடிபடும் என்று எதிர்பார்த்தார்கள். தட்டுபவர் தலைக்குள் மெட்டு ஓடுகிறது, கேட்பவருக்கு டக் டக் சத்தம்தான். துறைச்சொற்களும் அப்படித்தான். எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லாதே, அவர்களே மாட்டிக்கொள்ளட்டும்.

கடைசியில்தான் அவரவர் ஆய்வு. 60 விநாடியில் சொல்ல வேண்டும், பின் 30, 15, 8. நேரம் பாதியாகக் குறையும்போது சிலர் அதே சொற்களை வேகமாக ஒப்பிப்பார்கள். அது பயன்படாது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். விட்டதில் ஆய்வின் வரம்பும் போய், ‘எலியில் பார்த்தது’ என்பது ‘நோய் குணமாகும்’ என்று ஆகிவிட்டால் உடனே திருத்து. எளிமைக்காக உண்மையை விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஒவ்வொரு விளையாட்டுக்குப் பிறகும் ஐந்து நிமிடம் பேசவிடு: என்ன கவனித்தீர்கள், ஆய்வுக்கூடத்தில் இது எங்கே நடக்கிறது? இதை விட்டால் வெறும் கும்மாளமாக முடிந்துவிடும். பேராசிரியர்கள் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவும் வேண்டாம், வட்டத்துக்குள் வரச் சொல். மதிப்பெண் போடுகிறவர் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மாணவனும் தப்பு செய்யத் துணிய மாட்டான்.

மாணவர்கள் எந்தெந்தத் துறை என்று எழுது. அவர்கள் ஆய்வைச் சொல்லும்போது கேட்பவராக யார் யாரை உட்கார வைக்கலாம், விவசாயியா, பஞ்சாயத்துத் தலைவரா, பத்து வயதுப் பிள்ளையா என்று சேர்ந்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
ராகவன்